பெரியவள் தாமதமாகத்தான் வருவாள்

எங்கள் பங்குக் கோயிலின் மணிக்கோபுரத்தில் மூன்று மணிகள் இருக்கின்றன. ஊர் அவற்றை அக்கா தங்கைகளாகத்தான் பேசும். மெல்லிய குரல்காரி சின்னவள், அவளுக்கு மூத்தவள் நடுவிலாள், அடிவயிற்றிலிருந்து பேசுகிறவள் பெரியவள். முதல் இரண்டு பேரும் அடுத்தடுத்து ஒலிப்பார்கள். பெரியவள் மட்டும் ஒரு மூச்சை இழுத்து விடுகிற நேரம் கழித்துத்தான் வருவாள். அந்தத் தாமதத்தை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். வேறு எந்த ஊர் மணியும் இப்படி அடிக்காதாம். அது உண்மைதான். வேறு எந்த ஊரிலும் என் அம்மா இல்லை.

மணிகள் ஏறி நூறாண்டு ஆனதற்காகப் பங்குப் பேரவை ஒரு புத்தகம் போட்டது. எழுதியவர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். தாமதத்துக்கென்றே ஒரு முழு அத்தியாயம், ‘மூன்றாம் மணியின் மௌனம்’ என்ற தலைப்பில். ஜெபிக்கிறவர்கள் தங்கள் பாவங்களை நினைத்துப் பார்க்க ஓர் இடைவெளி வேண்டும் என்று ஆழ்ந்து தியானித்து, மணி அடிப்பவராயிருந்த என் அப்பா இந்த முறையைக் கண்டுபிடித்தாராம். அப்பாவை ஊர் நெட்டையர் என்று கூப்பிடும். நல்ல மனிதர். ஆனால் அவர் தியானம் செய்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் குறட்டைதான் வரும்.

அந்த அத்தியாயத்தை என் தையல் கடையில் வைத்து அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசி வரி வந்ததும் ஊசியை மறுபடி துணியில் குத்தினாள்.

“மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்குக் கால் எட்டலடி.”

நான் தையல்காரி, அளவு எடுக்காமல் எதையும் நம்பாதவள். ஆனால் இதற்கு டேப்பே தேவையில்லை. மணிக்கூண்டில் மூன்று கயிறுகள் தொங்கும். சின்னவளுக்கு வலது கை, நடுவிலாளுக்கு இடது கை. பெரியவளின் கயிற்று நுனியில் ஒரு தோல் வளையம் உண்டு. அதில் காலை நுழைத்து மிதிக்க வேண்டும். அந்த வளையம் அப்பாவுக்கு முழங்கால் உயரத்தில் இருந்தது. அம்மாவுக்கு அது தொடை வரைக்கும் வரும். கையிரண்டிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் ஒரு துள்ளு துள்ளி, வளையத்துக்குள் காலை விட்டு, உடம்பின் மொத்த எடையையும் அதில் இறக்குவாள். அந்தத் துள்ளலுக்கு ஆகிற நேரம்தான் ஊரின் மௌனம்.

அப்பா மணி அடிக்க வந்து கொஞ்ச காலத்திலேயே மேலே எண்ணெய் விடப் போனவர் ஏணிப்படி உடைந்து விழுந்தார். வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழும்பவில்லை. வேலை போனால் கோயிலுக்குப் பின்னால் இருந்த வீடும் போகும். அன்றைக்கு இருந்த பங்குச் சாமியார் கோபுரத்துக்குள் பெண்பிள்ளை நுழைவதா என்று கொதிக்கிறவர். அதனால் அப்பாவின் பெரிய செருப்பு கோபுர வாசற்படியில் கிடக்கும். அவர் உள்ளே மூலையில் உட்கார்ந்திருப்பார். அம்மா வெறுங்காலுடன் பின்வாசல் வழியாகப் போய் அடிப்பாள். கயிற்றை நீட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீட்டினால், ஏன் நீண்டது என்று கேள்வி வரும், குட்டு உடைந்துவிடும். எனவே கயிறு நெட்டையரின் அளவிலேயே இருந்தது, குட்டையான என் அம்மா அதற்குத் துள்ளினாள். ஊருக்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊர் மகா கெட்டிக்கார ஊர்.

அப்பா இறந்த பிறகும் அடித்தது அவள்தான். சாமியார்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை. போன வருஷம் முழங்கால் மடங்க மறுத்தபோதுதான் நிறுத்தினாள். அதன் பிறகு வருகிறவர் போகிறவர் யாராவது சின்னவளை மட்டும் இழுத்துவிட்டுப் போவார்கள். நூறாண்டு விழாவுக்கு மின்சாரச் சுத்தியல்கள் வாங்கி மாட்டுவது என்று பேரவை முடிவு செய்தது.

புத்தகத்தை அம்மா சிரித்துத் தள்ளிவிட்டிருப்பாள். வினை கல்லில் வந்தது. கோபுர வாசலில் பதிக்க, மணி அடித்தவர்களின் பெயர்களை ஒரு கல்லில் வெட்டித் தரும் வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் கல் வெட்டுகிறவர், கல்லறைக் கல்தான் அதிகம். பேரவை எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். கல்லில் வருவது ஞானஸ்நானப் பெயர்கள், நான் ஊர் கூப்பிடுகிறபடி சொல்கிறேன். முதலில் செவிட்டுத் தாத்தா, அடுத்து தச்சர், அடுத்து நெட்டையர். அப்பாவுக்கு அவர் செத்த வருஷம் வரை போட்டிருந்தது. அதற்கடுத்த வரி: இடைக்கால ஏற்பாடு. கடைசி வரி: மின்சாரம்.

அம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“மின்சாரம் இன்னும் ஒரு தடவைகூட அடிக்கல. அதுக்குப் பேர் இருக்கு. நான் இடைக்கால ஏற்பாடா?”

அவள் குரல் உடைந்தது. ஏணியிலிருந்து அப்பா விழுந்தபோதுகூட அவள் அழவில்லை என்று சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் மருந்துக்கடைக்காரர். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவர், இன்னும் எங்களை நோயாளிகளாகத்தான் பார்ப்பார். பக்கத்தில் வரலாற்று வாத்தியார், மறுபக்கத்தில் புதிதாக வந்திருந்த இளவயதுப் பங்குச் சாமியார். அம்மாவின் பெயர் கல்லில் வரவேண்டும் என்றேன்.

“நெட்டையர் வீட்டம்மா உதவி செஞ்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார் மருந்துக்கடைக்காரர். “ஆனா நியமனம் உங்க அப்பா பேர்ல. அந்த மௌனமும் அவர் குடுத்ததுதான். வாத்தியார் எழுதியிருக்காரே.”

நான் புத்தகத்தைப் பிரித்து, வாத்தியாரின் வரியை அவருக்கே வாசித்துக் காட்டினேன்: ‘நெட்டையரின் அடக்க நாளன்றும் மணிகள் அவர் பழக்கிய மௌனத்தை மறவாமல் தாமதித்தே ஒலித்தன.’

“அன்னிக்கு அப்பா பெட்டிக்குள்ள இருந்தார்” என்றேன். “மணிய யார் அடிச்சது?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது... ஒரு மர்மமாத்தான் எல்லாரும் பேசிக்கிறாங்க.”

“மர்மம் இதோ உக்காந்திருக்கு. கேளுங்க.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அம்மாவை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் பூசி மெழுக ஆரம்பித்தார். “யாரும் மறுக்கல. நியமனம் இல்லாததால, மரியாதையா ஏதாவது போடணுமேன்னுதான் ‘இடைக்கால ஏற்பாடு’ன்னு...”

அம்மா குறுக்கே பேசினாள். “நான் அடிக்க ஆரம்பிச்சப்ப இவ என் வயித்துல. இவளைப் பெத்து, வளத்து, கட்டிக் குடுத்து, அவரைப் புதைச்சு, முடி நரைச்சு, முழங்காலும் போச்சு. இதெல்லாம் எந்த இடைக்காலத்துல நடந்தது?”

சாமியார் ஆலோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஆலோசனை என்றால் எங்கள் ஊரில் கதவைச் சாத்துவது என்று பொருள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், பேசவே காசு கேட்கிற மனிதர், வாயைத் திறந்தார்.

“அத்தை, உங்க பேர நான் வெட்டிடறேன். விழா அன்னிக்குத் துணிய விலக்குனப்புறம் யாரு என்ன பண்ண முடியும்?”

“வேண்டாம் மாப்பிள்ளை. ஒளிஞ்சு ஒளிஞ்சு அடிச்சது போதும். என் பேரும் பின்வாசல் வழியா வரணுமா? அவங்க வாயால சொல்லணும். எல்லாரும் கேக்கணும். அப்புறம் வெட்டுங்க.”

அவர் பேரவையின் தாளை எடுத்து மடித்தார். “சரி. அப்ப இடைக்கால ஏற்பாட்டையும் வெட்ட மாட்டேன். அந்த எடம் சும்மா கெடக்கட்டும்.”

அப்படியே மற்ற வரிகளை வெட்டி, நடுவில் ஒரு வரியை வெறுமையாக விட்டுவிட்டார். பேரவையிலிருந்து ஆள் வந்து கேட்கும்போதெல்லாம், உளி மழுங்கிவிட்டது, கல் ஈரமாக இருக்கிறது என்று ஒரு சாக்கு சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்லும்போதெல்லாம் காது சிவந்தது.

விழாவுக்கு முந்தைய வாரம் எலக்ட்ரீஷியன் என் தையல் கடைக்கு வந்தார். வெளியூர்க்காரர், முகத்தில் அலுப்பு. சுத்தியல்களை மாட்டியாயிற்று, மூன்றாம் மணிக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை என்றார். வாத்தியார் பாதி மங்கள வார்த்தை ஜெபம் சொல்லும் நேரம் என்கிறாராம். தலைவர் ஒரு தும்மல் நேரம் என்கிறாராம்.

“அடிச்சவங்களயே கேட்டுரலாம்னு வந்தேன்மா.”

எங்கள் ஊர் முழுக்க அவர் ஒருவருக்குத்தான் அது தோன்றியிருக்கிறது. அம்மா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மழை நாளா, வெயில் நாளா?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா?”

“மழை பெஞ்சா கயிறு ஈரத்துல சுருங்கும். வளையம் மேல ஏறிடும். இன்னும் உயரமாத் துள்ளணும். நேரம் கூடும்.”

“சரி, நடுத்தரமா ஒண்ணு சொல்லுங்க. போட்டு விட்டுடறேன்.”

“சொல்ல மாட்டேன்.”

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் மெஷினில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உங்க மேல கோவம் இல்ல தம்பி. என் பேர் வேண்டாம், என் கால் மட்டும் வேணுமா அவங்களுக்கு? போய்ச் சொல்லுங்க, என் கால நான் மெஷினுக்குக் குடுக்கறதா இல்லன்னு. வேணும்னா இடைவெளியே இல்லாம அடிச்சுப் பாக்கட்டும். அப்ப தெரியும்.”

அவர் அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் மிரட்டலா என்று குதித்தாராம். இடைவெளியே வேண்டாம், நேராக அடிக்கட்டும், நூறாண்டில் ஊர் முன்னேறட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அம்மா சொன்னது மிரட்டல் இல்லை. எங்கள் ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் மரக்கடை தீப்பிடித்தது. அம்மா என்னைத் தரதரவென்று கூண்டுக்குள் இழுத்துப்போய், “மிதிடி!” என்று கத்தினாள். அவள் கைகள் சின்னவளையும் நடுவிலாளையும் இழுக்க, நான் பெரியவளின் வளையத்தில் தொங்கிக் குதித்தேன். என் காது கேட்க முதல் தடவையாக மூவரும் மூச்சு விடாமல் அடித்தார்கள். ஊர் பதறி ஓடி வந்தது. அதற்குப் பிறகு ஆற்றில் வெள்ளம் வந்தபோதும், பஞ்சாலையில் புகை வந்தபோதும் அப்படித்தான் அடித்தோம். தாமதம் இருந்தால் ஜெபம். தாமதம் இல்லாவிட்டால் தீ. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. காதுக்கே தெரியும். வாத்தியாருக்கும் தெரியும்தான். ஆனால் மௌனத்தைப் பற்றி எழுதி எழுதி, அது இல்லாவிட்டால் என்ன என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

விழா நாள் காலை அம்மாவின் புது உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஆனாலும் தலை சீவி உட்கார்ந்திருந்தாள். அப்போது மணி அடித்தது.

சின்னவள், நடுவிலாள், பெரியவள். சின்னவள், நடுவிலாள், பெரியவள். ஒரு சொட்டு இடைவெளி இல்லை. காரணம் தெரிந்திருந்தும் நானே இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தேடினேன் என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தெருவே வெளியே கொட்டியது. முடிதிருத்துகிறவர் கத்தியோடு ஓடினார், அவருக்குப் பின்னால் பாதி முகம் நுரையோடு ஒருவர். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். விழாவுக்கு உடுத்திக்கொண்டிருந்தவர்கள் எந்த நிலையில் இருந்தார்களோ அந்த நிலையில் வந்தார்கள். அதை விவரிப்பது நாகரிகமில்லை. எல்லோருக்கும் முன்னால் வரலாற்று வாத்தியார், தன் புத்தகக் கட்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, எரியாத கோயிலிலிருந்து வெளியே ஓடி வந்தார்.

அம்மா எழுந்தாள். “வா” என்றாள். அந்தக் காலோடு அவள் அவ்வளவு வேகமாக நடந்ததை நான் அந்த ஒரு வருஷத்தில் பார்த்ததில்லை.

கோயில் முற்றம் வாளிகளாலும் குடங்களாலும் நிறைந்திருந்தது. எங்கே தீ, எங்கே தீ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்து திருதிருவென்று விழித்தார். மருந்துக்கடைக்காரர் கோட்டுப் போட்டு, பூங்கொத்தும் கையுமாக, “தீ இல்ல, தீ இல்ல, இது விழா!” என்று கத்தினார். யாரோ ஒருவர் அதற்குள் அவர் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்திருந்தார். அது தவறுதலாக நடந்தது என்றே இன்றுவரை சொல்கிறார்கள்.

அம்மா துணி மூடியிருந்த கல்லுக்குப் பக்கத்தில், கோபுர வாசற்படியில் ஏறி நின்றாள். படியில் நின்றும் அவள் மற்றவர்களை விட உயரமாகிவிடவில்லை.

“தீ எங்கம்மா?” என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்.

“தீ எங்கயும் இல்ல. பெரியவளுக்குக் கால் இல்ல, அதான்” என்றாள் அம்மா. “இத்தன வருஷமா நான் மிதிச்ச கால்.”

முதலில் முடிதிருத்துகிறவர் சிரித்தார். அவரிடமிருந்து அது எல்லோருக்கும் பரவியது. இத்தனை வருஷம் தெரியாத மாதிரி இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டதைப் போல் சிரித்தார்கள். அதில் கேலி இல்லை. கொஞ்சம் வெட்கம் இருந்தது, பலருக்கு அசடு வழிந்தது.

சாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “அம்மா, விழா மணிய நீங்களே அடிக்கிறீங்களா?”

“யாரா அடிக்கணும் ஃபாதர்? இடைக்கால ஏற்பாடாவா?”

“ஃபாதர், கல்லு முடிஞ்சிருச்சு, இனிமே எடமே இல்ல” என்றார் மருந்துக்கடைக்காரர், தண்ணீர் சொட்டச் சொட்ட.

என் வீட்டுக்காரர் போய்த் துணியை இழுத்துவிட்டார். நெட்டையருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. “எடம் இருக்கு” என்றார். காது சிவக்கவில்லை.

“ஒரு திருத்தமும் இருக்கு” என்றாள் அம்மா. “அவர் கடைசி வரைக்கும் அடிக்கல. விழுற வரைக்கும்தான் அடிச்சார். அழகா அடிச்சார், என்னைவிட நல்லா அடிச்சார். அது அவரோடது, அதுல ஒரு நாளக்கூட நான் எடுத்துக்க மாட்டேன். விழுந்த மறுநாள்லேருந்து என்னோடது. அதுல ஒரு நாளக்கூட நான் குடுக்க மாட்டேன். செத்தவருக்கும் சரி, மின்சாரத்துக்கும் சரி.”

சாமியார் மருந்துக்கடைக்காரரைப் பார்க்கவில்லை. பங்குச் சாமியார்கள் பேரவைத் தலைவரைப் பார்க்காமல் முடிவெடுத்து நான் கண்டது அன்றுதான். முற்றத்தைப் பார்த்துத் திரும்பி, திருப்பலியில் வாசிக்கிற குரலில், அம்மாவின் ஞானஸ்நானப் பெயரை முழுதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “இந்தக் கோயில் மணிய அடிச்சவங்க” என்றார். நெட்டையர் வீட்டம்மா என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஊர் அந்தப் பெயரைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. என் கண்ணில் நீர் வந்தது. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அப்பா செத்த வருஷத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, வெறும் வரியில் அந்தப் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதி முடிக்கும் வரை அம்மா நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி, வாசற்படியின் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் விட்டுவிட்டு உள்ளே போனாள். நானும் கூடவே போனேன்.

கயிறுகள் அப்படியேதான் தொங்கின. வளையம் அப்பாவின் உயரத்திலேயே இருந்தது. அவள் இரண்டு கைகளாலும் பிடித்து, சின்னவளை இழுத்தாள், நடுவிலாளை இழுத்தாள், துள்ளினாள். முழங்கால் மடங்கவில்லை. கால் வளையத்தில் பட்டு நழுவியது. வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் முகம் வலியில் சுருங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல், பள்ளிக்கூட வயதில் செய்ததுபோல் நானே மிதித்துவிடலாம் என்று வளையத்தைப் பிடித்தேன்.

“தொடாதே!” என்று கத்தினாள். “நீ மிதிச்சா மறுபடி வாளியத் தூக்கிட்டு ஓடி வருவாங்க.”

நான் கையை எடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி துள்ளினாள். பெரியவள் வந்தாள். வழக்கத்தைவிட வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். அதுவரை வெளியே ஒருவர்கூட அசையவில்லை.